எஸ் வளைவு தாண்டினால் எது வேலை செய்யும்?

செங்கோட்டையிலிருந்து கேரளா போகும் வழியில் புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி மலையேறத் தொடங்கினால் எஸ் வளைவு. லாரிக்காரர்களுக்கு அது லோடு கட்டிய கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் இடம். எனக்கோ, சட்டைப்பையில் கிடக்கும் போனும் அதில் மகள் ஏற்றிவைத்திருக்கும் செயலிகளும் எதற்கு லாயக்கு என்று தெரிந்துகொள்ளும் இடம். அங்கே என் சிம்முக்கு நாலு கோடு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். கோட்டைவாசலில் 'கேரளாவுக்கு வரவேற்கிறோம்' என்று ஒரு மெசேஜ் வந்து விழும். அதற்கப்புறம் ஆரியங்காவு வரை இருந்தால் இருக்கும். தென்மலைக் காட்டுக்குள் பெரும்பாலும் இருக்காது.

நான் தென்காசிப் பக்கம் இலஞ்சிக்காரன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய் எடுத்து ஆரியங்காவு, தென்மலை, இடமண், புனலூர் என்று கடை கடையாக இறக்கிவிட்டு, முந்தின வாரத்துப் பாக்கியை வசூல் பண்ணிக்கொண்டு திரும்புவது என் தொழில். 22 வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் இதே பாதை. செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் இரண்டு மாநிலம், இரண்டு எழுத்து. அம்மா வழித் தாத்தா செங்கோட்டையில் பிறந்தபோது ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் இந்தப் பக்கம் சேர்ந்தது. அதனால் எங்கள் வீட்டில் மலையாளம் காதில் விழுந்துகொண்டே இருக்கும், எழுதப் படிக்கத்தான் யாருக்கும் வராது. பின்னால் சொல்லப்போகும் பாதித் தொல்லைக்கு இதுதான் காரணம்.

மகளுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பொங்கலுக்கு வரும்போதெல்லாம் என் போனை வாங்கி நாலு செயலியைப் போட்டுவிடுவாள். பார்சலிலும் எதையாவது அனுப்புவாள். போன ஒரு வருஷத்தில் அவள் போட்டதில், அனுப்பியதில் எது நின்றது, எது போனது என்று எழுதுகிறேன். என்னை மாதிரி மலையேறி வியாபாரம் பார்க்கிறவர்களுக்கு உதவலாம். ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இது சரிப்பட்டு வராது.

முதலில் கணக்குச் செயலி. பேர் வேண்டாம், அந்த மாதிரி நிறைய இருக்கின்றன. கடைக்காரர் பேரைப் போட்டு, இவ்வளவு கொடுத்தேன், இவ்வளவு வந்தது என்று எழுதிக்கொண்டே போனால் பாக்கியை அதுவே கூட்டிச் சொல்லும். முதல் வாரம் அருமையாக இருந்தது. இரண்டாம் வாரம் தென்மலையில் ஒரு கடை வாசலில் நின்று திறக்கிறேன், மறுபடியும் உள்ளே வரச் சொல்லி ஓ.டி.பி. அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது. ஓ.டி.பி. எங்கே வர? அந்தக் கடையில் டவர் கிடைப்பது வாசல்படிக்குக் கிழக்கே தேங்காய் உரிக்கிற இடத்தில்தான், அதுவும் வெயில் அடித்தால். கடைக்காரர் காசை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பாக்கி எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. என் கணக்கை அவரிடமே கேட்டு வாங்கினேன். 22 வருஷத்தில் அப்படி ஒரு அவமானம் எனக்கு வந்ததில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்காதது வேறு. பாக்கி இருக்கிறவர்களுக்கு அந்தச் செயலி தானாகவே நினைவூட்டல் மெசேஜ் அனுப்பும் என்பது எனக்குத் தெரியாது. புனலூரில் ஒரு கடை, எங்கப்பா காலத்துத் தொடர்பு. ஒரு வாரம்கூடத் தவணை தவறாதவர். அவருக்குக் காலையிலேயே 'உங்கள் பாக்கித் தொகை இவ்வளவு, உடனே செலுத்தவும்' என்று போயிருக்கிறது. மறுநாள் நான் போய் இறங்கியதும் போனை நீட்டிக் காட்டினார். கோபப்படவில்லை. "அண்ணாச்சி, நம்மள் தம்மில் இதொக்கெ வேணோ?" என்று மட்டும் கேட்டார், நமக்குள்ளே இதெல்லாம் வேணுமா என்று. அன்று மத்தியானம் அந்தக் கடைத் திண்ணையிலேயே உட்கார்ந்து அந்தச் செயலியை அழித்தேன். அவர் பார்க்கிற மாதிரி அழித்தேன்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், பழையபடி சிட்டைதான். அட்டை போட்ட நோட்டு, பேனா. ஒவ்வொரு கடையிலும் இறக்கிய காய், எடை, வந்த காசு எல்லாவற்றையும் அங்கேயே எழுதி, கடைக்காரர் எதிரிலேயே பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்கிறேன். திரும்பும்போது புளியரை டீக்கடையில் நிறுத்தினால் டவர் நன்றாக இருக்கும், படங்கள் அத்தனையும் மகளுக்கும் வீட்டுக்காரிக்கும் போய்விடும். நோட்டு நனைந்தாலும் கணக்கு நனையாது. மறந்துபோகிற சில்லறை விஷயங்களுக்கு, இன்ன கடையில் காலிப் பெட்டி ஆறு நிற்கிறது என்கிற மாதிரி, கூகுள் கீப். மகள் போட்டதில் இது ஒன்று நின்றுவிட்டது. நெட் இல்லாமலே எழுதலாம், டவர் வந்தபிறகு அதுவாகச் சேர்த்துக்கொள்ளும். எழுதியதில் வேலை முடிந்ததை டிக் அடித்துக் கீழே தள்ளலாம். வேறு வித்தை எதுவும் அதில் நான் பயன்படுத்துவதில்லை.

அடுத்து, பேசினால் எழுதும் மைக். இதைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசலாம். வண்டி ஓடும்போது தட்டச்சு முடியாது, அதனால் மறுநாள் எடுக்க வேண்டிய காயை வாயால் சொல்லி, மார்க்கெட்டில் இருக்கிற நம்ம பையனுக்கு அனுப்பிவிடலாம் என்று யோசனை. சென்னைத் தமிழும் செய்தித்தாள் தமிழும் அதற்கு நன்றாகத் தெரியும். எங்கள் தமிழ் தெரியாது. பெரிய வெங்காயத்தை நாங்கள் பல்லாரி என்போம். அது 'பல் லாரி' என்று எழுதியது. போகட்டும், பல்லாரி என்பதைப் பையன் எப்படியும் கண்டுபிடித்துவிடுவான். ஊருக்கு ஊர் கொத்தவரங்காய் என்கிறார்களே, அது எங்களுக்குச் சீனியவரைக்காய். 'சீனியவரைக்காய் 20 கிலோ' என்று சொன்னேன். அது 'சீனி, அவரைக்காய் 20 கிலோ' என்று இரண்டாக உடைத்து அனுப்பியிருக்கிறது. விடியக்காலம் நாலரை மணிக்கு பையனிடமிருந்து போன்: "அண்ணாச்சி, அவரைக்காய் கட்டியாச்சு. சீனி பலசரக்குக் கடையிலதான கிடைக்கும், அதையும் நாமளே ஏத்தணுமா?"

அன்று ஆரியங்காவில் சீனியவரைக்காய் கேட்ட கடையில் அவரைக்காயை இறக்கிவிட்டு அடிமாட்டு விலைக்குக் கொடுத்து வந்தேன்.

மொழிபெயர்ப்புச் செயலியும் இதே ஜாதிதான், கொஞ்சம் பெரிய ஜாதி. கேமராவைக் காட்டினால் மலையாளப் பலகையைத் தமிழில் சொல்லும். அச்சடித்த பலகை என்றால் பரவாயில்லை, பஸ் போர்டு, வங்கி வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு எல்லாம் ஓரளவு புரியும். கடைக்காரர் கிறுக்கித் தரும் ஆர்டர் சீட்டுக்கு முன்னால் அது கைகூப்பிவிடும். ஒருவர் மலையாளத்தில் பேசி அனுப்பியதை அதற்குள் போட்டுத் தமிழாக்கச் சொன்னேன். அவர் சொன்னது, "சேன 10 கிலோ, மத்தன் 15." வந்தது, "படை 10 கிலோ". சேனைக்கிழங்குக்கும் சேனைக்கும் மலையாளத்தில் முதலெழுத்து வேறு, ஆனால் நம்மாள் இங்கே பேசுகிற வேகத்தில் யாருக்கு அது பிரியும்? இதை டிரைவர் தம்பியிடம் படித்துக் காட்டினேன். அன்று முழுக்க, இறக்கும் இடம் வந்ததும், "அண்ணாச்சி, படையை எறக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

இதில் எனக்கு ஒன்று தெளிவானது. எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் காதுக்கு இரண்டு மொழி தெரியும், கண்ணுக்கு ஒன்றுதான். அவர் எழுதினால் எனக்குப் புரியாது, நான் எழுதினால் அவருக்குப் புரியாது. பேசினால் இருவருக்கும் எல்லாம் புரியும். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு இடமே இல்லை. எழுத்தை விட்டுவிட்டால் போதும். அதனால் ஆர்டர் எல்லாம் இப்போது வாட்ஸ்அப் குரல் செய்தி. அவர் மலையாளத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன், பையன் மார்க்கெட்டில் காதில் வைத்துக் கேட்பான். என் தரத்தில் முதல் மார்க் இதற்குத்தான். காட்டுக்குள் பேசி அனுப்பினாலும் கடிகாரக் குறியோடு காத்திருக்கும், டவர் கிடைத்ததும் தானாகப் போய்விடும். ஒரு டிக் என்றால் இங்கிருந்து கிளம்பிவிட்டது, இரண்டு டிக் என்றால் அங்கே சேர்ந்துவிட்டது. கடிகாரம் மட்டும் இருந்தால் இன்னும் என் போனிலேயே கிடக்கிறது என்று அர்த்தம். இந்த மூன்றையும் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது, அதற்கப்புறம் 'அனுப்பினேன், வரலையே' சண்டை எங்களுக்குள் இல்லை.

காசு விஷயம். முன்னெல்லாம் பையில் நோட்டுக் கட்டோடு மலை இறங்குவேன், வயிற்றுக்குள் பயம் இருக்கும். இப்போது பாதி யு.பி.ஐ. 2016-ல் வந்தபோது இதெல்லாம் பட்டணத்துக்காரர் விளையாட்டு என்று நினைத்தேன். இன்றைக்கு ஆரியங்காவில் டீக்கடை சேச்சிகூட க்யூ.ஆர். ஒட்டியிருக்கிறார்.

ஆனால் மலையில் ஒரு தடவை நன்றாக மாட்டினோம். இடமண் கடைக்காரர் 6,400 ரூபாய் அனுப்பினார். அவர் கணக்கிலிருந்து போய்விட்டது, என் கணக்கில் வரவில்லை, நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் முகம் ஒரு மாதிரி ஆகிறது, என் முகம் ஒரு மாதிரி ஆகிறது. மகளுக்குப் போன் போட டவர் தேடி ரோட்டுக்கு வந்தேன். அவள் சொன்னாள், 2019-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டிருக்கிறது, ஒருவருக்கொருவர் அனுப்பும் பணம் இப்படி நடுவில் நின்றால் மறுநாளைக்குள் அனுப்பியவர் கணக்கிலேயே திரும்ப வரவேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வங்கிதான் கொடுக்க வேண்டும் என்று. 'கடைக்கு' என்று போட்ட கணக்குக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் உண்டாம். சிட்டையில் 'போகலை' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். மறுநாளே அவர் கணக்குக்குத் திரும்பிவிட்டது, அடுத்த தடவை ரொக்கமாகத் தந்தார். இப்போது தெரிந்தவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான்: வட்டம் சுற்றினால் மறுபடி அனுப்பாதீர்கள். பதற்றத்தில் இரண்டாம் தடவை அனுப்பிவிட்டுத் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிரைவர் தம்பி கையில் இருப்பது பட்டன் போன். அவன் ஸ்டார் 99 ஹேஷ் அடித்துக் காசு அனுப்புவான். நெட் வேண்டாம், பேசுகிற அளவு டவர் இருந்தால் போதும், தமிழிலேயே கேள்வி கேட்கும். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய்தான் போகும், எண்ணை ஒவ்வொன்றாக அழுத்திப் பொறுமையாகப் போகவேண்டும். நான் கேலி செய்துகொண்டிருந்தேன், இப்போது செய்வதில்லை. காரணம் கடைசியில்.

டீ, பரோட்டாவுக்கு யு.பி.ஐ. லைட். ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரைக்கும் பின் நம்பர் கேட்காது, மொத்தம் 5,000 ரூபாய் வரை அதற்குள் போட்டு வைக்கலாம். நான் அதை வைத்திருப்பது வேகத்துக்காக இல்லை. லோன் விஷயமாக வங்கிக்குப் பாஸ்புக் அச்சடிக்கப் போனால் டீ 12, டீ 12, வடை 10 என்று நாலு பக்கம் ஓடியது. மேனேஜர் சிரித்தார். லைட்டில் செலவானால் ஒவ்வொரு டீயும் பாஸ்புக்கில் ஏறாது, பணம் அதற்குள் போட்டது மட்டும் ஒரு வரியாக ஏறும்.

யு.பி.ஐ.யில் காசு வந்ததும் தொகையைச் சொல்லிச் சத்தம் போடும் பெட்டி கடைக்காரர் பக்கத்து விஷயம், ஆனாலும் ஒரு வார்த்தை. அதற்குள் தனியாக ஒரு சிம் இருக்கிறது, கடைக்காரர் போன் செத்தாலும் பெட்டி பேசும். தென்மலைக் கடையில் அதை ஜன்னல் கம்பியில் சணல் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள், அங்கேதான் டவர் கிடைக்கும். மலையாளத்தில் தொகை சொன்னதும் கடைக்காரர் என் பக்கம் திரும்பக்கூட மாட்டார், அடுத்த ஆளைப் பார்ப்பார். ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றுகிற காலத்தில் அந்தப் பெட்டிக்கு அவ்வளவு மரியாதை.

இனி கையில் பிடிக்கிற சாமான்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு நான் குறை சொல்லமாட்டேன், சொல்கிறவன் தொழில் தெரியாதவன். வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை வைக்க வேண்டும், அதில் சோம்பல் கூடாது. கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். சாரல் காலத்தில், ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் எங்கள் பக்கம் வெயிலே தெரியாது, சாக்கு நனைந்து எடை கூடும். அப்போது 'டேர்' பட்டன் தெய்வம். காலிச் சாக்கை வைத்து அழுத்தினால் பூஜ்யம் ஆகும், அப்புறம் காயை வைத்தால் காயின் எடை மட்டும் வரும். முன்னெல்லாம் இதற்காக நானும் கடைக்காரரும் போட்ட சண்டைக்குக் கணக்கில்லை. கொக்கி வைத்துத் தூக்கும் சின்ன டிஜிட்டல் தராசை மகள் அனுப்பினாள். அதை வீட்டில் வைத்திருக்கிறேன், பேரன் தன் புத்தகப் பையை நிறுக்கிறான். முத்திரை இல்லாததை வியாபாரத்தில் காட்டக்கூடாது.

ப்ளூடூத் பில் பிரிண்டர், உள்ளங்கை அளவு. இது எஸ் வளைவுச் சோதனையில் தாராளமாகத் தேறியது, போனுக்கும் அதற்கும் இடையில் பேச டவர் எதற்கு? ஆனால் முதலில் தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக அடித்தது. சின்ன பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்தே இருக்காதாம். பில்லைப் படமாக மாற்றி அனுப்பும் செயலி வேண்டும் என்று மகள்தான் கண்டுபிடித்தாள். இன்னொன்று யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இந்தக் காகிதத்தில் மை கிடையாது. காகிதத்தின் மேல் பூசியிருப்பது சூடு பட்டால் கறுக்கும், எழுத்து விழுவதே அப்படித்தான். ஏப்ரல் மாசம் ஒரு கட்டு பில்லை வண்டியின் டாஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் எல்லாம் கறுப்பு, ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. கடைக்காரருக்குக் கொடுக்க மட்டும் பிரிண்டர், எனக்குச் சிட்டை.

கைக்கடிகாரம் ஒன்று வந்தது. அடி எண்ணுமாம். புளியரையிலிருந்து புனலூர் வரை வண்டியில் உட்கார்ந்தே 9,000 அடி நடந்ததாகச் சொன்னது. குலுங்குவதை எல்லாம் நடை என்று எடுத்துக்கொள்கிறது. "அண்ணாச்சி, உங்க வாட்ச் ரொம்ப நடக்கு போல" என்றான் தம்பி. இப்போது மச்சினன் கையில் இருக்கிறது.

மேப் எனக்கு வேண்டாம், இந்த ரோட்டில் குழி எங்கே என்று எனக்குத் தெரியும். ஆனால் மாற்று டிரைவர் வரும் நாளில் உதவும். தென்காசி, கொல்லம் பகுதி மேப்பை வீட்டிலேயே வைஃபையில் இறக்கி வைத்துவிட்டால் போதும். இடத்தைக் காட்டுவது செயற்கைக்கோள், அதற்கு டவர் தேவையில்லை. மேப் படம்தான் நெட்டில் வரவேண்டியது. காட்டுக்குள் நீலப் புள்ளி நகர்ந்துகொண்டே போவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

மழையில் தொடுதிரை ஒரு தனிக் கூத்து. துளி விழுந்தால் அதை விரல் என்று எண்ணிக்கொண்டு யாருக்கோ போன் போடும். நான் இப்போது போனைத் தெளிவான பாலித்தீன் பையில் போட்டுத்தான் இறங்குவது. படம் எடுக்கத் திரையைத் தொடவேண்டாம், சத்தம் கூட்டும் பட்டனை அழுத்தினாலே என் போனில் எடுக்கும்.

பவர் பேங்க் வாங்குகிறவர்கள் கவனிக்க. 10,000 எம்.ஏ.எச். என்று பெரிதாகப் போட்டிருந்தால், அதே அளவு போனுக்குப் போகாது. அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வெளியே 5 வோல்ட்டாக ஏற்றித் தரும்போது 6,000 சொச்சம்தான் நிற்கும். பெட்டியின் பின்னால் சின்ன எழுத்தில் அதையும் போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். எனக்கு ஒன்று போதாமல் இரண்டு வாங்க நினைத்தேன், பிறகுதான் காரணம் புரிந்தது. டவர் பலவீனமான இடத்தில் போன் சும்மா இருப்பதில்லை, சந்தையில் தூரத்தில் நிற்கிறவனைக் கூப்பிட நாம் தொண்டை கிழியக் கத்துவது மாதிரி முழுப் பலத்தையும் போட்டு டவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பேட்டரி அதில்தான் போகிறது. இப்போது கோட்டைவாசலில் ஏரோப்ளேன் மோடு, ஆரியங்காவில் எடுத்துவிடுவேன். மறுபடியும் கழுதுருட்டியில் போடுவேன். அங்கே இருக்கும் பதிமூணு கண் ரயில் பாலத்தைப் பார்த்தால் கை தானாகப் போய் அந்த விமானக் குறியை அழுத்திவிடும், அப்படிப் பழகிவிட்டது. இதற்குக் காசு செலவில்லை. ஒரு பவர் பேங்கே போதுமென்று ஆகிவிட்டது.

ஒரே ஒரு நாள் அதை மறந்தேன். போன ஓணம், திருவோணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்து அன்றைக்கு. அங்கே உத்திராடப் பாச்சில் என்பார்கள், ஊரே கடைத்தெருவில் ஓடும். ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், மட்டும் வழக்கத்தைவிட மூன்று மடங்கு ஏற்றியிருந்தோம். எஸ் வளைவில் ஒரு டிரெய்லர் நின்றுவிட்டது. இரண்டரை மணி நேரம் முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. எனக்கு இருந்த பரபரப்பில் மோடை மாற்ற நினைவில்லை, நிமிஷத்துக்கு ஒரு தடவை போனை எடுத்து டவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பவர் பேங்க் வீட்டில் சார்ஜில் கிடந்தது. ஆரியங்காவு போய்ச் சேரும்போது போன் அணைந்துவிட்டது. புனலூர்க்காரர் நம்பர்கூட எனக்கு மனப்பாடம் இல்லை.

சிட்டையின் பின்னட்டையில் எழுதியிருந்தது. தம்பியின் பட்டன் போனை வாங்கினேன். முந்தாநாள் சார்ஜ் போட்டதாம், மூன்று கோடு இன்னும் நின்றது. அதில் நாலு கடைக்கும் பேசினேன். டீசலுக்கு ஸ்டார் 99 ஹேஷ் அடித்து அவனே கட்டினான். ராத்திரி ஒன்பதரைக்குப் புனலூரில் கடைசி ஏத்தங்காய்க் குலையை இறக்கினோம், கடைக்காரர் எங்கள் இரண்டு பேருக்கும் அடைப் பிரதமன் பாயசம் கொடுத்துத்தான் அனுப்பினார்.

மறுநாள் மகளுக்குப் போன் போட்டு, தம்பி வைத்திருப்பது மாதிரி ஒரு பட்டன் போன் வாங்கி அனுப்பச் சொன்னேன். "அப்பா, விளையாடாதீங்க" என்றாள். கறுப்பு வேண்டாம், லோடுக்குள் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, சிவப்பு இருந்தால் பார் என்றேன்.